பனங்கையும் சிப்பிச் சுண்ணாம்பும்: தேரிக்காட்டில் ஒரு சின்ன வீடு

மூணு வருஷத்துக்கு முந்தி, ஒரு ஐப்பசி மழையில், தூத்துக்குடி துறைமுகத்துப் பக்கம் இருக்கும் எங்கள் வீட்டு மேல்தளத்திலிருந்து சிமெண்டுத் துண்டு ஒன்று கட்டில் மேல் விழுந்தது. நல்லவேளை, வீட்டில் எல்லோரும் அடுப்படியில் இருந்தோம். அண்ணாந்து பார்த்தால் உள்ளே கம்பி துருப்பிடித்து உப்பியிருந்தது. கட்டி 26 வருஷம்தான். கடற்காற்றின் உப்பு கான்கிரீட்டுக்குள் இறங்கிக் கம்பியை அரிக்கிறது. துரு இரும்பைவிட அதிக இடம் பிடிப்பதால் கான்கிரீட் பிளந்துகொள்கிறது.

அன்றைக்கு ஒரு அண்ணாச்சியின் முகம் ஞாபகத்துக்கு வந்தது. நான் வங்கியில் கடன் பிரிவில் இருந்தபோது உடன்குடிப் பக்கத்திலிருந்து வந்தவர். அவர் அப்பா கட்டிய வீட்டைப் பழுது பார்க்கக் கடன் கேட்டார். சுண்ணாம்புச் சுவர், பனங்கை, நாட்டு ஓடு. "இதுக்குக் கடன் கிடையாது. இடிச்சிட்டு கான்கிரீட் போட்டுக் கட்டுங்க, தர்றோம்" என்றேன். "நல்லா நிக்கிற வீட்டை எதுக்கு சார் இடிக்கணும்?" என்று கேட்டார். எனக்குப் பதில் தெரியவில்லை. படிவத்தை நீட்டினேன். அவர் இடித்தார். கைப்பணம் போதாமல் விளையில் நின்ற பனைகளையும் செங்கல் சூளைக்கு விற்றார்.

ஓய்வுக்குப் பிறகு குதிரைமொழித் தேரி ஓரத்தில் 4 ஏக்கர் வாங்கி, ரசாயனம் இல்லாமல் விவசாயம் பார்க்கிறேன். விதை வைக்கவும் ராத்தங்கவும் அங்கே ஓர் அறை தேவைப்பட்டது. கம்பி, சிமெண்டு இல்லாமல் கட்டுவது என்று முடிவு செய்தேன்.

மரம்

இதற்காகப் பனையை வெட்ட எனக்கு மனசில்லை. பனை நம் மாநில மரம். வெட்டுவதென்றால் மாவட்ட ஆட்சியர் அனுமதி வேண்டும் என்று 2021 வேளாண் பட்ஜெட்டிலேயே அறிவித்துவிட்டார்கள். அதனால் இடித்த வீட்டு மரத்தைத் தேடினேன். 22 பனங்கை கிடைத்தது. பனையின் வெளிப்பக்கம்தான் கருத்து வைரம் பாய்ந்திருக்கும், நடுவில் இருப்பது வெறும் சோறு. வாங்கும்போது சோற்றுப் பகுதியைச் செதுக்கி எடுத்திருக்கிறார்களா என்று பாருங்கள், தட்டியும் பாருங்கள். "தேய்பிறையில வெட்டின மரம் சார், அதான் உளுக்கல" என்றார் ஆசாரி. காரணம் தேய்பிறையா, மரம் முற்றியிருந்ததா என்று நான் சோதித்ததில்லை. வைரம் மட்டும் கண்ணுக்குத் தெரிந்தது.

சுண்ணாம்பு

சிப்பியைக் காளவாசலில் சுமார் 900 டிகிரி சூட்டில் சுட்டால் கரியமில வாயு வெளியேறி நீறாத சுண்ணாம்பு மிஞ்சும். அதில் தண்ணீர் விட்டால் கொதித்து நீறும். நீறிய சுண்ணாம்பைச் சில வாரம் தண்ணீருக்குள்ளேயே ஊறப்போட்டோம். பிறகு மணல் சேர்த்து அரைத்து, கடுக்காய் ஊறல் தண்ணீரும் கருப்பட்டித் தண்ணீரும் விட்டோம். கருப்பட்டியின் சர்க்கரை சுண்ணாம்பைக் கூடுதலாகக் கரைய வைக்கும், கலவை சீக்கிரம் இறுகாமலும் பார்த்துக்கொள்ளும். சுவரில் பூசியபின், சூளையில் விட்ட வாயுவைக் காற்றிலிருந்து திரும்ப இழுத்து அது மறுபடி கல்லாகிறது. அரிக்கக் கம்பியும் இல்லை.

சீனாவில் கருப்பட்டிக்குப் பதில் ஒட்டரிசிக் கஞ்சியைச் சுண்ணாம்பில் கலந்து கோட்டைச் சுவர்களே எழுப்பியிருக்கிறார்கள். அவரவர் வயலில் விளைந்தது அவரவர் சுவருக்குப் போயிருக்கிறது.

நான் ஒரு தப்பு செய்தேன். ஆனி மாதக் காற்றில் அவசரப்பட்டுப் பூசச் சொன்னேன். மேற்குச் சுவர் முழுக்க வெடிப்பு. "இயற்கை விவசாயம் பண்றீங்க, இதுல மட்டும் யூரியா போட்ட மாதிரி அவசரப்படுறீங்களே" என்றார் கொத்தனார். சுரண்டி எடுத்து மறுபடி பூசி, இரண்டு வாரம் ஈரச்சாக்கு போட்டு மெதுவாகக் காயவிட்டோம். இப்போது வெடிப்பில்லை.

நிலை வைத்த நாள்

வாசல் நிலைக்கு மஞ்சள், குங்குமம், மாவிலை. அடியில் நவதானியம். கடையில் வாங்காமல் என் விதையிலிருந்தே எடுத்துப் போட்டேன். ஆசாரிக்கும் கொத்தனாருக்கும் வேட்டி, துண்டு. கடற்கரை ஊர்களில் சாமியார் வந்து தீர்த்தம் தெளித்து மந்திரிப்பார். சீனக் கிராமங்களில் முகட்டு உத்திரம் ஏற்றும் நாளில் சிவப்புத் துணி கட்டிப் பலகாரம் இறைப்பார்களாம். எங்கே ஆனாலும் வேலை செய்தவருக்கும் அக்கம்பக்கத்துக்கும் மரியாதை செய்யாமல் வீடு எழும்பியதில்லை.

எல்லாப் பழசும் நல்லதல்ல

நம் கடற்கரையில் பவளப்பாறையையும் வெட்டி வீடு கட்டினார்கள், சுண்ணாம்பும் சுட்டார்கள். விளைவு, மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளில் பூவரசன்பட்டியும் விலங்குசல்லியும் நீருக்குள் போய்விட்டன. பாறை போனபின் அலையைத் தடுக்க ஆளில்லை. 2001-இல் பவளங்கள் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் வந்தன. ஆகவே சுண்ணாம்பு வாங்கும்போது எதைச் சுட்டது என்று கேட்டு வாங்குங்கள்.

பால் காய்ச்சிய அன்று அந்த அண்ணாச்சியைத் தேடிப்போய் அழைத்து வந்தேன். அண்ணாந்து பார்த்தவர், கம்பால் ஒரு கையைத் தட்டினார். "எங்க அப்பா போட்டதும் இப்படித்தான் சத்தம் கேக்கும்" என்றார். "அன்னைக்கு நான் சொன்னது தப்பு அண்ணாச்சி" என்றேன். "விதிதான சார் சொன்னீங்க" என்று சொல்லிவிட்டு, பாலைக் குடித்தார்.

நண்பர்களே, உங்கள் ஊரில் சுண்ணாம்பு வீடு இருந்தால், இடிக்குமுன் பழைய கொத்தனார் ஒருவரைக் கூப்பிட்டுக் காட்டுங்கள். இடித்தே ஆகவேண்டும் என்றால் பனங்கையைச் சூளைக்கு அனுப்பாதீர்கள், கட்ட நினைப்பவருக்குக் கொடுங்கள். பழம் விழும் ஆவணியில் வரப்போரம் பனங்கொட்டை ஊன்றுங்கள். நான் 200 ஊன்றியிருக்கிறேன். அதில் பனங்கை அறுக்கும்போது நான் இருக்கப் போவதில்லை. நான் கடன் கொடுத்து வெட்ட வைத்த கணக்கில் அது ஒரு தவணை.