அணுக்கழிவுக் கண்ணாடியில் கதிர்வீச்சின் விளைவு

அணுக்கழிவுக் கண்ணாடி என்பது, பயன்படுத்திய அணு உலை எரிபொருளிலிருந்து யுரேனியத்தையும் புளுட்டோனியத்தையும் பிரித்தெடுத்த பின் எஞ்சும் உயர்நிலைக் கதிரியக்கக் கழிவை, உருகிய போரோசிலிக்கேட் கண்ணாடியில் கரைத்து எஃகு உருளைகளில் ஊற்றி உறைய வைத்த திண்மம் ஆகும். இந்தியாவில் இதற்கான ஆலைகள் தாராப்பூர், டிராம்பே, கல்பாக்கம் ஆகிய இடங்களில் உள்ளன.

கழிவு இங்கே பெட்டிக்குள் வைத்த பொருள்போல் இருப்பதில்லை. சீசியம், ஸ்ட்ரான்சியம், அமெரிசியம் போன்றவற்றின் அணுக்கள் சிலிக்கான், போரான், ஆக்சிசன் அணுக்களின் வலைப்பின்னலுக்குள்ளேயே இடம்பிடிக்கின்றன. எனவே கண்ணாடி தன் உள்ளிருந்தே இடைவிடாமல் கதிர்வீச்சுக்கு ஆளாகிறது. பல்லாயிரம் ஆண்டுகளுக்குப் பின் நிலத்தடி நீர் அதைத் தொடும்போது, கதிர்வீச்சால் அடிபட்ட அந்தக் கண்ணாடி தாங்குமா என்பதே கேள்வி.

இரு காலகட்டங்கள்

முதல் சில நூற்றாண்டுகளில் பீட்டா, காமாக் கதிர்களே மிகுதி. அவற்றை வெளியிடும் சீசியம்-137, ஸ்ட்ரான்சியம்-90 இரண்டின் அரை ஆயுட்காலமும் ஏறத்தாழ 30 ஆண்டுகள். 300 ஆண்டுகளில், அதாவது பத்து அரை ஆயுட்காலங்களில், அவை ஆயிரத்தில் ஒரு பங்காகக் குறைந்துவிடும். இக்கதிர்கள் பெரும்பாலும் எலக்ட்ரான்களையே அலைக்கழிக்கின்றன. இக்காலத்தில் கண்ணாடிக்குக் கதிர்களைவிட வெப்பமே பெரிய சோதனை. தாராப்பூரில் உருளைகளை இயற்கையான காற்றோட்டத்தால் குளிர்விக்கும் சேமிப்புக் கூடத்தில் வைப்பது அதனால்தான்.

அதன் பின் வருவது ஆல்பாச் சிதைவின் காலம். அமெரிசியம்-241 (432 ஆண்டுகள்), நெப்டியூனியம்-237 (சுமார் 21 லட்சம் ஆண்டுகள்) போன்றவை இதற்குக் காரணம். ஆல்பாத் துகள் மயிரிழையின் தடிமனைவிடக் குறைந்த தொலைவே செல்கிறது. உண்மையான சேதத்தைச் செய்வது அதை வெளியிட்ட அணுக்கருவே. துப்பாக்கி சுடும்போது பின்னுக்கு உதைப்பதுபோல, அக்கரு எதிர்த்திசையில் பாய்ந்து, சில பத்து நானோமீட்டருக்குள் ஆயிரத்துக்கும் மேற்பட்ட அணுக்களை இடம்பெயர்க்கிறது.

ஒழுங்கின்மையின் பயன்

கன்னியாகுமரி மாவட்டம் மணவாளக்குறிச்சிக் கடற்கரை மணலில் சிர்க்கான் என்னும் கனிமம் உண்டு. சிர்க்கான் படிகத்தில் சிறிதளவு யுரேனியமும் தோரியமும் கலந்திருக்கும். இவை மிகுந்த சிர்க்கானில், கோடிக்கணக்கான ஆண்டுகளாக நிகழ்ந்த ஆல்பாச் சிதைவால் அணுக்களின் வரிசை குலைந்து, பருமன் 18 விழுக்காடு வரை கூடுவதுண்டு. கண்ணாடிக்கோ இழப்பதற்கு அப்படிப்பட்ட வரிசையே கிடையாது. குவிந்த மணலைக் கிளறினாலும் அது மணற்குவியல்தானே!

இதைச் சோதிக்க ஆயிரம் ஆண்டுகள் காத்திருக்க முடியாது. அதனால் 18 ஆண்டு அரை ஆயுட்காலமுடைய கியூரியம்-244-ஐக் கண்ணாடியில் கலந்து, பல நூற்றாண்டுச் சிதைவைச் சில ஆண்டுகளில் நிகழ வைக்கின்றனர். பிரான்சில் இத்தகைய கண்ணாடியின் அடர்த்தி ஒரு விழுக்காட்டுக்கும் குறைவாகவே மாறியது. கடினத்தன்மை ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு குறைந்தது. ஆனால் விரிசலைத் தடுக்கும் திறன் கூடியது. கிராமுக்குச் சில 10¹⁸ சிதைவுகளுக்குப் பின் இம்மாற்றங்கள் நின்றுவிட்டன. ஏற்கெனவே அடிபட்ட இடத்திலேயே மீண்டும் அடி விழுவதால் புதிய மாற்றம் ஏற்படுவதில்லை.

நீரோடு சேரும்போது

நீர் பட்டதும் கண்ணாடி முதலில் விரைவாகவும், மேற்பரப்பில் சிலிக்கா மிகுந்த கூழ்போன்ற படலம் உருவான பின் மிக மெதுவாகவும் கரைகிறது. தொடக்கக் கரைவு வேகத்தைக் கதிர்வீச்சுப் பெரிதாக மாற்றுவதில்லை. நீண்டகாலக் காப்பைத் தீர்மானிப்பது இரண்டாம் கட்டமே. கன அயனிகளால் தாக்கிச் சேதப்படுத்திய கண்ணாடிகள் சில ஆய்வுகளில் இக்கட்டத்தில் கூடுதலாகக் கரைந்துள்ளன. நிறைவு தருவதற்கில்லை என்றாலும் இது இறுதித் தீர்ப்பும் அன்று: அயனிக் கற்றை மேற்பரப்பை மட்டுமே, அதுவும் மிக வேகமாகத் தாக்குகிறது, இயற்கையான சிதைவிலோ சேதம் ஓரளவு ஆறுவதற்கு அவகாசம் உண்டு. பழைய ரோமானியக் கண்ணாடியும் எரிமலைக் கண்ணாடியும் நீரைத் தாங்கியதற்குச் சான்றாகின்றன. ஆனால் இவ்வளவு ஆல்பாச் சிதைவை அவை கண்டதில்லை.

ஆல்பாச் சிதைவைத் தாங்கும் கண்ணாடியைத் தேடுவதோடு, அச்சிதைவுக்குக் காரணமான தனிமங்களைக் கண்ணாடிக்குள் சேர்க்காமலே விடும் முயற்சியும் உண்டு. பாபா அணு ஆராய்ச்சி மையம் ஆக்டினைடுகளைக் கழிவிலிருந்து பிரிக்கும் முறைகளைத் தாராப்பூரில் செயல்படுத்திப் பார்த்துள்ளது. டிராம்பேயில் பிரித்தெடுக்கப்படும் சீசியம்-137-ஓ, தனிக் கண்ணாடிக் குச்சிகளாக வார்க்கப்பட்டு, நோயாளிகளுக்கு ஏற்றும் இரத்தத்தைக் கதிரூட்டும் கருவிகளில் பயன்படுகிறது.