உள்தணிக்கை: கணக்கைச் சோதிக்கும் அறிவியல்

எங்கள் கல்லூரியில் ஆண்டுதோறும் ஒரு வழக்கம் உண்டு. ஒரு துறையின் ஆய்வுக்கூடப் பொருள்களை வேறொரு துறை ஆசிரியர் வந்து எண்ணிச் சரிபார்ப்பார். நான் வேலையில் சேர்ந்த புதிதில், இயற்பியல் ஆசிரியனான என்னை வேதியியல் துறைக்கு அனுப்பினார்கள். இருப்புப் பதிவேட்டைக் கையில் வைத்துக்கொண்டு, "பியூரெட் 40" என்று படித்தேன். ஆய்வுக்கூட உதவியாளர் நாற்பதையும் காட்டினார். "தராசு 6" என்றேன். ஆறும் இருந்தன. இரண்டு மணி நேரத்தில் எல்லா வரிகளுக்கும் டிக் போட்டுக் கையெழுத்திட்டுவிட்டேன்.

புறப்படும்போது அந்த உதவியாளர் தயங்கியபடி சொன்னார்: "சார், ஏட்டுல இருக்கறதெல்லாம் அலமாரியில இருக்கான்னு பாத்தீங்க. அலமாரியில இருக்கறதெல்லாம் ஏட்டுல இருக்கான்னு பாக்கலியே?"

திரும்பிப் போய்ப் பார்த்தோம். கீழ்த்தட்டில் பிரிக்காத இரண்டு பெட்டிகள் இருந்தன. உள்ளே விலையுயர்ந்த கருவிகள். பதிவேட்டில் அவற்றுக்கு வரியே இல்லை! ஏட்டில் ஏறாத பொருள் ஒரு நாள் காணாமற் போனால் யாருக்குத் தெரியும்? என் கையெழுத்தை அடித்துவிட்டு மறுபடியும் தொடக்கத்திலிருந்து ஆரம்பித்தேன்.

மாணவர்களே, அந்த உதவியாளர் சொன்னதுதான் தணிக்கைத் தொழிலின் அரிச்சுவடி. ஏட்டிலிருந்து பொருளுக்குப் போனால், இல்லாததை இருப்பதாக எழுதிய பொய் வெளிப்படும். பொருளிலிருந்து ஏட்டுக்கு வந்தால், இருப்பதை எழுதாமல் விட்ட பிழை வெளிப்படும். ஒரு திசையில் செய்யும் சோதனை மற்றத் திசையின் பிழையைக் காட்டாது.

தணிக்கை இருவகைப்படும். நிறுவனத்தின் ஆண்டுக் கணக்கு உண்மையானதா என்று வெளியிலிருந்து வந்து சான்றளிப்பவர் புறத்தணிக்கையாளர். உள்தணிக்கையாளர் ஆண்டு முழுவதும் நிறுவனத்துக்குள்ளேயே சோதனை செய்பவர். கணக்கு மட்டுமன்று, கிடங்குப் பூட்டின் சாவி யாரிடம் இருக்கிறது, பொருள் வாங்க உத்தரவிடுபவரே பணமும் கொடுக்கிறாரா, கணிப்பொறியின் கடவுச்சொல்லைப் பலர் அறிவார்களா என்பனவும் அவருடைய கேள்விகளே. எந்த வழியில் தவறு நுழையலாம் என்று அது நுழையுமுன் தேடுவது அவர் வேலை.

ஒரு பெரிய நிறுவனத்தில் ஆண்டுக்குப் பல இலட்சம் செலவுச் சீட்டுகள் சேரும். அத்தனையையும் ஒருவர் படித்துப் பார்க்க இயலுமா? எங்கே தோண்டுவது என்று முதலில் தெரியவேண்டும். இதற்கு உதவும் கருவிகளுள் ஒன்று அறிவியலார் தந்தது. எனக்கு மிகவும் பிடித்தமானதும் அதுவே என்பதால் சற்று விரிவாகவே சொல்கிறேன்.

சைமன் நியூகோம்ப் என்ற வானியலறிஞர், பலர் பயன்படுத்தும் மடக்கை அட்டவணைப் புத்தகங்களில் முதற்பக்கங்களே அதிகம் தேய்ந்திருப்பதைக் கவனித்து 1881இல் எழுதினார். அதாவது 1 என்ற இலக்கத்தில் தொடங்கும் எண்களையே மக்கள் அடிக்கடி தேடியிருக்கிறார்கள். 1938இல் ஃபிராங்க் பென்ஃபோர்டு என்ற இயற்பியலறிஞர் ஆறுகளின் பரப்பு, ஊர்களின் மக்கள்தொகை, மூலக்கூறு எடை என்று இருபதாயிரத்துக்கும் மேற்பட்ட எண்களைத் திரட்டி, இதையே உறுதி செய்தார். இத்தகைய எண்களில் ஏறத்தாழ 30 விழுக்காடு 1 என்ற இலக்கத்தில் தொடங்குகின்றன. 9 என்ற இலக்கத்தில் தொடங்குபவை 4.6 விழுக்காடுதான்.

ஒன்பது இலக்கங்களுக்கும் சம பங்கு அல்லவா கிடைக்கவேண்டும்? ஏன் கிடைக்கவில்லை? வங்கியில் 1,000 ரூபாய் போடுகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். ஆண்டுக்கு 10 விழுக்காடு கூட்டுவட்டி. தொகை 2,000 ஆக 7.27 ஆண்டுகள் ஆகும். அதுவரை உங்கள் கணக்கின் முதல் இலக்கம் 1 தான். 9,000 ஆன தொகை 10,000 ஆவதற்கோ ஓராண்டுக்குச் சற்று மேல் போதும். 1,000 என்பது 10,000 ஆக மொத்தம் 24.16 ஆண்டுகள். 7.27ஐ 24.16ஆல் வகுத்துப் பாருங்கள். 0.301 வருகிறதா? அது 2இன் மடக்கை! பெருக்கத்தால் வளரும் எண்கள் 1 என்ற இலக்கத்தில் நெடுநேரம் தங்குகின்றன, 9ஐ விரைந்து கடந்துவிடுகின்றன.

பொய்க் கணக்கு எழுதுபவருக்கு இந்த விதி தெரிவதில்லை. 10,000 ரூபாய் வரையிலான சீட்டுக்கு மேலதிகாரியின் ஒப்புதல் வேண்டாம் என்று ஓர் அலுவலகத்தில் விதி இருக்கிறதாகக் கொள்வோம். அங்கே 9,700, 9,850, 9,900 என்று சீட்டுகள் குவிந்தால், 9இன் பங்கு 4.6 விழுக்காட்டை விட்டு மேலே எழும்பி நிற்கும். உள்தணிக்கையாளர் அங்கே போய்த் தோண்டுவார். ஆனால் இது குற்றத்துக்குச் சான்று ஆகாது. ஒரு பொருளின் நிலையான விலையே 9,500 ரூபாயாக இருக்கலாம் அல்லவா? காய்ச்சல்மானி காய்ச்சலைக் காட்டும், நோய் எது என்று சொல்லாது. அதற்கு மருத்துவர் வேண்டும்.

அப்படி மனிதர் தேவைப்பட்ட ஒரு நிகழ்ச்சியைப் பார்ப்போம். அமெரிக்காவில் வேர்ல்டுகாம் என்ற பெரிய தொலைபேசி நிறுவனம் இருந்தது. அதன் உள்தணிக்கைப் பிரிவின் தலைவர் சிந்தியா கூப்பர் என்ற பெண்மணி. அங்கே நடந்த மோசடி மிக எளியது. ஓர் ஆட்டோ ஓட்டுநரை நினைத்துக்கொள்ளுங்கள். ஆட்டோ வாங்கிய பணம் முதலீடு. அதைப் பல ஆண்டுகளுக்குப் பங்கிட்டுச் செலவெழுதலாம். பெட்ரோல் அன்றாடச் செலவு. அதை அன்றைய வரவிலேயே கழிக்கவேண்டும். பெட்ரோல் பணத்தையும் 'ஆட்டோ வாங்கியது' என்று எழுதினால் இலாபம் பெரிதாகத் தோன்றும், பையில்தான் காசு இராது. வேர்ல்டுகாம் பிற நிறுவனங்களின் கம்பிகளைப் பயன்படுத்தக் கொடுத்த அன்றாடக் கட்டணத்தை இவ்வாறே முதலீடு என்று ஏட்டில் ஏற்றியிருந்தது.

2002ஆம் ஆண்டு கூப்பரின் குழு முதலீட்டுச் செலவுகளைச் சோதிக்கத் தொடங்கியது. கணக்கில் ஒரு தலைப்பு வந்தது. அதன் பொருள் என்ன என்று கேட்டால் எவராலும் விளக்க முடியவில்லை. குழுவினர் பிறர் கண்ணில் படாமல் இரவில் கணிப்பொறிப் பதிவுகளை எடுத்து ஆராய்ந்தார்கள். 50 கோடி டாலருக்கு ஒரு பதிவு. அதற்கு ஆதாரமாக ஒரு துண்டுச் சீட்டும் இல்லை! நிதித்துறையின் தலைமை அதிகாரி ஸ்காட் சல்லிவன், இந்தச் சோதனையைச் சில மாதங்கள் தள்ளிப்போடச் சொன்னார். கூப்பர் அவரைக் கடந்து, இயக்குநர் அவையின் தணிக்கைக் குழுத் தலைவரிடம் செய்தியைக் கொண்டுபோனார். 380 கோடி டாலர் இப்படி இடம் மாறியிருப்பது 2002 ஜூன் 25 அன்று உலகுக்குத் தெரிந்தது. பின்னர் தெரிந்த மொத்தத் தொகை இதைவிட மிக அதிகம். ஜூலை 21 அன்று நிறுவனம் திவால் மனு கொடுத்தது.

இதில் ஒன்றை நான் அடிக்கடி நினைப்பதுண்டு. நிறுவனத்தின் தலைமையகம் மிசிசிப்பி மாநிலத்தின் கிளின்டன் என்ற சிற்றூரில் இருந்தது. கூப்பர் வளர்ந்த ஊர் அது. உண்மையைச் சொன்னால் வேலை இழக்கப்போகிறவர்கள் முன்பின் அறியாதவர்கள் அல்லர், அண்டை வீட்டாரும் நண்பர்களுமே. பல்லாயிரம் பேர் வேலையிழந்தார்கள். அவர் சொல்லாமலே இருந்திருக்கலாமா என்று என் மாணவர் ஒருவர் கேட்டார். சீழ் பிடித்த புண்ணுக்குக் கட்டுப் போட்டு மறைத்தால் அது ஆறிவிடுமா என்று நான் திருப்பிக் கேட்டேன். ஆனாலும் அந்தக் கேள்வி எளிதான கேள்வி அன்று.

உள்தணிக்கையாளர் நிதி அதிகாரிக்குக் கீழ்ப்பட்டவராக மட்டும் இருந்திருந்தால் இது நடந்திராது. தன் விடைத்தாளைத் தானே திருத்தும் மாணவன் எத்தனை மதிப்பெண் போட்டுக்கொள்வான்? ஆகவேதான் அவர் இயக்குநர் அவையின் குழுவிடம் நேரே பேச வழி வைக்கிறார்கள். இந்தியாவில் 2013ஆம் ஆண்டுக் கம்பெனிகள் சட்டத்தின் 138ஆம் பிரிவு, பங்குச் சந்தையில் பட்டியலிடப்பட்ட நிறுவனங்களும் வேறு சில பெரிய நிறுவனங்களும் உள்தணிக்கையாளரை நியமிக்கவேண்டும் என்கிறது.

இத்தொழிலுக்கு எப்படிப் போவது? பலரும் செல்லும் வழி பட்டயக் கணக்காளர் படிப்பு, அதாவது சி.ஏ. மேல்நிலைப் பள்ளி முடித்ததும் அடிப்படைத் தேர்வு, பிறகு இடைநிலை, இறுதிநிலை. இடையே ஒரு கணக்காளரிடம் தொழிற்பயிற்சி. அடக்கவிலைக் கணக்காளர் படிப்பு மற்றொரு வழி. 1941இல் நியூயார்க்கில் தோன்றிய உள்தணிக்கையாளர் கழகம் சி.ஐ.ஏ. என்ற மூன்று பகுதித் தேர்வை நடத்துகிறது. உலகெங்கும் அதற்கு மதிப்புண்டு. வணிகவியல் படித்தவர்களுக்கு மட்டுமே இடம் என்று எண்ணவேண்டாம். மேற்சொன்ன சட்டமே, இயக்குநர் அவை தகுதியெனக் கருதும் வேறு தொழில் வல்லுநரையும் நியமிக்க இடம் தருகிறது. கணிப்பொறியும் புள்ளியியலும் அறிந்தவர்களை இன்று தணிக்கைக் குழுக்கள் தேடிச் சேர்த்துக்கொள்கின்றன.

கணக்குத் தெரிவதோடு தெளிவாக எழுதவும் வரவேண்டும். கண்டதை நான்கு வரியில் சொல்லத் தெரியாதவரின் அறிக்கையை எவர் படிப்பார்? மிரட்டாமல் கேள்வி கேட்கவும் தெரியவேண்டும். கிடங்குக் காவலரும் ஆய்வுக்கூட உதவியாளரும் மனந்திறந்து பேசினால்தான் கீழ்த்தட்டுப் பெட்டிகள் வெளியே வரும்.

நீங்களே ஒரு சோதனை செய்து பார்க்கலாம். 2011ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பிலிருந்து உங்கள் மாவட்டத்துச் சிற்றூர்களுள் இருநூறின் மக்கள்தொகையை எழுதிக்கொள்ளுங்கள். 1இல் தொடங்குபவை எத்தனை, 2இல் தொடங்குபவை எத்தனை என்று எண்ணி வரைபடம் வரையுங்கள். பிறகு உங்கள் வகுப்பு மாணவர்களின் உயரத்தைச் சென்டிமீட்டரில் எழுதி அதையே செய்யுங்கள். இரண்டாவது வரைபடம் ஏன் முற்றிலும் வேறாக இருக்கிறது என்று கண்டுபிடிக்க முடிகிறதா?