ஏறும் முன் கேட்க வேண்டியவர்கள்

ஆலங்குளத்திலிருந்து தென்காசிக்குப் போனாலும் அம்பாசமுத்திரத்துக்குப் போனாலும் பஸ் ஜன்னலில் ஏதாவது ஒரு பொத்தை கண்ணில் படும். வயல்காட்டுக்கு நடுவே தனியாக எழும்பி நிற்கும் பாறைக்குன்றுக்கு எங்கள் பக்கத்துப் பெயர் அது. பல பொத்தைகளில் ஒரு முருகனோ சாஸ்தாவோ குடியிருப்பார். கடையம் அருகே தோரணமலை முருகனைப் பார்க்க ஏறுகிறவர்களுக்குச் செருப்பைக் கழற்றும்படி யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. அதனால் ஆஸ்திரேலியாவின் உலுருவில் நடந்தது நமக்குச் சட்டென்று புரியும்.

செம்மண் பாலையில் 348 மீட்டர் உயரத்துக்கு எழும்பி நிற்கும் ஒற்றைப் பாறை உலுரு. அனங்கு பழங்குடியினருக்கு அது முன்னோர் நடமாடிய இடம். பயணிகள் ஏறிய தடமே மாலா என்னும் மூதாதையர் போன வழி என்பது அவர்கள் நம்பிக்கை. 1873இல் வந்த ஓர் ஐரோப்பியர் அதற்கு 'ஏயர்ஸ் ராக்' என்று பெயரிட்டார். 1964இல் பயணிகள் பிடித்து ஏறுவதற்குப் பாறையில் துளையிட்டு இரும்புச் சங்கிலி போட்டார்கள். 1983இல் பிரதமர் பாப் ஹாக், நிலத்தைத் திருப்பித் தருவதோடு ஏறுவதையும் நிறுத்துவோம் என்று வாக்குக் கொடுத்தார். 1985 அக்டோபர் 26இல் நிலம் கைக்கு வந்தது. ஏறுவது மட்டும் நிற்கவில்லை. 99 ஆண்டுக் குத்தகையில் நிலம் பூங்காவாகவே தொடர வேண்டும், பயணிகளும் ஏறலாம் என்று ஏற்பாடானது.

அனங்கு மக்கள் யாரையும் மறிக்கவில்லை. 'தயவுசெய்து ஏறாதீர்கள்' என்று அடிவாரத்தில் பலகை வைத்தார்கள். அதைப் படித்துவிட்டுச் சங்கிலியைப் பிடித்து ஏறியவர்கள் ஏராளம். 1950களிலிருந்து குறைந்தது 37 பேர் அங்கே இறந்திருக்கிறார்கள். தங்கள் மண்ணுக்கு வந்தவர் விழுந்து செத்தால் அந்தத் துக்கம் தங்களைச் சேர்ந்தது என்று நினைக்கிறவர்கள் அனங்கு மக்கள். உச்சியில் கழிப்பறையும் கிடையாது. மழை பெய்தால் மேலே கிடக்கும் அசுத்தமெல்லாம் கீழே சுனைகளுக்கு வந்து சேரும். இத்தனைக்குப் பிறகும் அவர்கள் கேட்டுக்கொண்டுதான் இருந்தார்கள். 2017 நவம்பரில் பூங்கா நிர்வாகக் குழு ஒருமனதாகத் தீர்மானம் போட்டது. 2019 அக்டோபர் 26இல் தடை அமலுக்கு வந்தது. நிலம் கைக்கு வந்து சரியாக 34 ஆண்டு. மூடப்போகிறார்கள் என்று தெரிந்ததும் கடைசி நாள்களில் ஏறுவதற்கு நீண்ட வரிசை நின்றது. அந்தப் படங்களை என்னால் மனம் கசக்காமல் பார்க்க முடியவில்லை.

இன்னொரு செய்தியும் உண்டு. அங்கிருந்து கல்லும் மண்ணும் எடுத்துப்போனவர்கள், வருடங்கள் கழித்து மன்னிப்புக் கடிதத்தோடு அவற்றைத் தபாலில் திருப்பி அனுப்புகிறார்கள். 'மன்னிப்புக் கற்கள்' என்றே அவற்றுக்குப் பெயர் விழுந்துவிட்டது.

புனித இடத்தில் ஏறலாமா என்ற பேச்சு கயிறு கட்டிப் பாறை ஏறுகிறவர்களிடமும் உண்டு. அமெரிக்காவின் டெவில்ஸ் டவர் பல பழங்குடிகளுக்குப் புனிதப் பாறை. அவர்கள் சடங்கு செய்யும் ஜூன் மாதத்தில் ஏற வேண்டாம் என்று 1995 முதல் பூங்கா நிர்வாகம் கேட்டுக்கொள்கிறது. அது சட்டமில்லை, வேண்டுகோள்தான். 1955இல் கஞ்சன்ஜங்காவை முதலில் எட்டிய ஜோ பிரவுனும் ஜார்ஜ் பேண்டும், சிக்கிம் மன்னருக்குக் கொடுத்த வாக்குப்படி உச்சிக்குச் சில அடி கீழேயே நின்றுவிட்டார்கள். 8,586 மீட்டர் சிகரத்தில் அந்தச் சில அடியை விட்டுக்கொடுத்ததைத்தான் அவர்களின் பெரிய சாதனையாக நான் நினைக்கிறேன்.

நம் பொதிகைக்கு வருவோம். 1,868 மீட்டர் அகத்தியர்கூடம் காணி மக்களின் மலை. 1987இல் அங்கே ஆராய்ச்சிக்குப் போன விஞ்ஞானிகள் மூச்சு வாங்கினார்கள். வழிகாட்டிகளாக வந்த காணிகளோ ஒரு சிறு பழத்தைத் தின்றுகொண்டு களைப்பில்லாமல் நடந்தார்கள். கேட்டதும் அதை விருந்தாளிகளுக்கும் கொடுத்தார்கள். ஆரோக்கியப்பச்சை என்ற அந்தச் செடியிலிருந்து 'ஜீவனி' மருந்து வந்தது. உரிமத் தொகையிலும் ராயல்டியிலும் பாதி காணிகளுக்கு என்று பாலோடு தாவரவியல் ஆய்வு நிறுவனம் முடிவு செய்தது.

அதே மலையில் பெண்கள் ஏறத் தடை இருந்தது. 2018இல் கேரள உயர் நீதிமன்றம் அதை நீக்கியது. 2019 ஜனவரியில் தன்யா சனல் என்ற பெண் உச்சிக்குப் போனார். பிரம்மச்சாரியான அகத்தியரின் இடத்துக்குப் பெண்கள் வரக்கூடாது என்று காணிகள் எதிர்ப்புத் தெரிவித்தார்கள். ஆனால் வழியை மறிக்கவில்லை. இங்கேதான் எனக்கு யோசனை. மலையடியில் வாழ்கிறவர்கள் பேச்சைக் கேட்க வேண்டும் என்கிற நான் இதில் அவர்களோடு நிற்கவில்லை. உலுருவில் வந்தவர் எல்லாரையும் ஏறாதே என்றார்கள். இங்கே வெளியூர் ஆண்கள் அனுமதிச்சீட்டு வாங்கி வருடாவருடம் ஏறிக்கொண்டிருந்தபோது பெண்களுக்கு மட்டும் தடை இருந்தது. நாளைக்குக் காணிகள் யாருமே வரவேண்டாம் என்று சொன்னால், வனத்துறைக்கு வருமானம் போனாலும் சரி, நான் அவர்கள் பக்கம்.