தலைக்கு அளவெடுத்து வாங்குங்க ஹெல்மெட்!

சத்துவாச்சாரியில் இருக்கும் வேலூர் கலெக்டர் அலுவலகத்தில் மாதந்தோறும் விவசாயிகள் குறைதீர்வுக் கூட்டம் நடக்கும். அணைக்கட்டு, குடியாத்தம், கே.வி.குப்பம், காட்பாடி பக்கமிருந்து வருகிறவர்களில் பலர் பைக்கிலோ, எக்ஸ்.எல். வண்டியிலோதான் வருவார்கள். ஹெல்மெட் இல்லாத வண்டி இப்போது குறைவு. ஆனால், ஊரில் கிளம்பும்போது அந்த ஹெல்மெட் வண்டிக் கண்ணாடியில் தொங்கும். பைபாஸ் வந்த பிறகுதான் தலைக்கு ஏறும். கூட்டம் முடிந்து திரும்பும்போது, பைபாஸைத் தாண்டியதும் மறுபடியும் கண்ணாடிக்குப் போய்விடும்.

'வேளாண்மை அலுவலருக்கு ஹெல்மெட்டைப் பற்றி என்ன பேச்சு?' என்று நினைக்கலாம். இன்றைக்கு விவசாய வேலையில் பாதி இரண்டு சக்கரத்தில்தான் நடக்கிறது. விடியற்காலையில் சொசைட்டிக்குப் பால் கேன், நேதாஜி மார்க்கெட்டுக்கு இலவம்பாடி முள்ளுக் கத்திரிக்காய் மூட்டை, கடையிலிருந்து உர மூட்டை, தெளிப்பதற்கு ஸ்பிரேயர் எல்லாமே வண்டியில்தான் போகின்றன. பயிருக்குக் காப்பீடு செய்கிறோம். பயிர் வைக்கிறவர் தலைக்கு என்ன ஏற்பாடு என்று கேட்பதும் என் வேலைதான்.

மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகத்தின் அறிக்கைப்படி, 2022-ம் ஆண்டில் மட்டும் ஹெல்மெட் அணியாமல் போய் விபத்தில் இறந்தவர்கள் 50,029 பேர். இதில் 35,692 பேர் வண்டி ஓட்டியவர்கள்; 14,337 பேர் பின்னால் உட்கார்ந்து போனவர்கள்.

'ஏன் போடுவதில்லை?' என்று விவசாயிகளிடம் கேட்டால், 'புழுங்குதுங்க', 'கழுத்து வலிக்குது', 'நெத்தியில அழுத்துது', 'பின்னாடி வர்ற வண்டி தெரியல' என்கிறார்கள். இவை சாக்குப்போக்கு இல்லை, உண்மையான தொந்தரவுகள்தான். ஆனால், இதில் பெரும்பாலானவை ஹெல்மெட்டால் வருவதில்லை. அளவு பொருந்தாத ஹெல்மெட்டால் வருகின்றன. காலை விட்டுப் பார்க்காமல் யாரும் செருப்பு வாங்குவதில்லை. ஹெல்மெட்டை மட்டும் அபராதத்துக்குப் பயந்து, ரோட்டோரக் கடையில் கையில் கிடைத்ததை வாங்கி மாட்டிக்கொள்கிறோம்.

மெதுவாப் போனா அடிபடாதா?

'எக்ஸ்.எல். வண்டிதானே, 25, 30-க்கு மேல போறதில்லை' என்று பலர் சொல்வார்கள். ஒரு சின்னக் கணக்கைப் பாருங்கள். வண்டியில் உட்கார்ந்திருப்பவரின் தலை தரையிலிருந்து சுமார் ஒன்றரை மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அந்த உயரத்திலிருந்து விழும் எந்தப் பொருளும் தரையைத் தொடும்போது மணிக்கு கிட்டத்தட்ட 20 கிலோமீட்டர் வேகத்தில் இருக்கும். வண்டி நின்ற இடத்தில் சாய்ந்தாலும் இதே கணக்குதான். மணல் சறுக்கியோ, நாய் குறுக்கே வந்தோ விழும்போது தார் ரோட்டில் தலை மோத அந்த வேகமே போதும்.

ஹெல்மெட்டின் வரலாற்றிலும் இப்படியொரு சாதாரணப் பயணம் இருக்கிறது. 'அரேபியாவின் லாரன்ஸ்' என்று பெயர்பெற்ற டி.இ.லாரன்ஸ், 1935-ம் ஆண்டு மே மாதம் இங்கிலாந்தில் தன் வீட்டுக்கு அருகிலேயே பைக்கிலிருந்து விழுந்து, ஆறு நாட்கள் நினைவு திரும்பாமல் இறந்துபோனார். அவருக்குச் சிகிச்சை பார்த்த மருத்துவர்களில் ஒருவர் ஹியூ கெய்ன்ஸ் என்ற மூளை அறுவை நிபுணர். பிறகு அவர் ராணுவத்தில் பைக்கில் தபால் கொண்டுபோகும் வீரர்களின் தலைக்காயங்களை ஆராய்ந்து, ஹெல்மெட் உயிரைக் காக்கிறது என்று 1941-ல் கட்டுரை வெளியிட்டார். பல நாட்டு ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தவர்கள், ஹெல்மெட் அணிவதால் விபத்தில் இறக்கும் ஆபத்து சுமார் 42 சதவிகிதமும், தலையில் காயம்படும் ஆபத்து சுமார் 69 சதவிகிதமும் குறைவதாகக் கணக்கிட்டிருக்கிறார்கள்.

காப்பாற்றுவது தெர்மாகோல்

வெளியே தெரியும் கெட்டியான ஓடுதான் தலையைக் காப்பாற்றுகிறது என்று நினைக்கிறோம். ஓடு, அடியை ஒரே இடத்தில் இறங்கவிடாமல் பரப்பும். கல், கம்பி உள்ளே குத்தாமல் தடுக்கும். அடியை வாங்கிக்கொள்வது அதற்குள்ளே இருக்கும் இரண்டு, மூன்று சென்டிமீட்டர் தெர்மாகோல் அடுக்கு. அது நசுங்குவதால்தான் மண்டைக்கு வரும் அதிர்ச்சி குறைகிறது.

இதிலிருந்து மூன்று விஷயங்களைத் தெரிந்துகொள்ளலாம். முதலாவது, உள்ளே தெர்மாகோல் இல்லாமல் வெறும் ஸ்பாஞ்ச் மட்டும் ஒட்டிய தொப்பி ஹெல்மெட் ஆகாது. கட்டட வேலைக்குப் போடும் மஞ்சள் தொப்பியும் ஆகாது. இரண்டாவது, ஒருமுறை நசுங்கிய தெர்மாகோல் திரும்ப எழும்பாது. பலமாக அடிபட்ட ஹெல்மெட், வெளியே கீறல் இல்லாவிட்டாலும், அதன் வேலையை முடித்துவிட்டது. அதை மாற்றிவிட வேண்டும். மூன்றாவது, தலைக்கும் தெர்மாகோலுக்கும் நடுவில் இடைவெளி இருந்தால், அடிபடும்போது தலை உள்ளேயே ஆடும். அதனால்தான் அளவு இவ்வளவு முக்கியம்.

டெய்லர் டேப் போதும்

புருவத்துக்கு ஒரு விரல்கட்டை மேலே வைத்து, காதுக்கு மேலாக, பின்மண்டை புடைத்திருக்கும் இடத்தைச் சுற்றி டேப் பிடியுங்கள். 58 சென்டிமீட்டர் வந்தால், ஹெல்மெட்டின் உள் லேபிளில் 580 மி.மீ. என்று இருப்பதைக் கேளுங்கள். இது பொதுவாக 'எம்' அளவு. 600 மி.மீ. என்பது 'எல்' அளவு. கம்பெனிக்குக் கம்பெனி கொஞ்சம் மாறும். ஆகையால், போட்டுப் பார்க்காமல் வாங்க வேண்டாம்.

கடையிலேயே செய்ய வேண்டியவை:

1. போடும்போது லேசாக இறுக வேண்டும். கன்னத்தில் பஞ்சு ஒட்டி உட்கார வேண்டும். ஹெல்மெட்டைப் பிடித்து இடவலமாகத் திருப்பினால், கன்னத்துத் தோலும் கூடவே நகர வேண்டும். ஹெல்மெட் மட்டும் தனியாகச் சுற்றினால் அது பெரிய அளவு.

2. வாரை மாட்டுங்கள். தாடைக்கும் வாருக்கும் நடுவில் இரண்டு விரல் போகலாம், அதற்குமேல் கூடாது.

3. வாரை மாட்டியபடியே, பின்பக்க விளிம்பைப் பிடித்து முன்னோக்கித் தூக்குங்கள். ஹெல்மெட் கழன்று வந்தால், விபத்திலும் கழன்றுவிடும்.

4. பத்து, பதினைந்து நிமிடம் போட்டபடியே கடையில் நில்லுங்கள். கழற்றியதும் நெற்றியில் ஓர் இடத்தில் மட்டும் சிவந்து வலித்தால், அந்த மாடலின் வடிவம் உங்கள் தலைக்கு ஒத்துவரவில்லை. பெரிய அளவுக்குப் போகாமல், வேறு மாடலைப் பாருங்கள். சிலருக்கு நீளத் தலை, சிலருக்கு உருண்டைத் தலை.

புது ஹெல்மெட்டின் பஞ்சு, நாள்பட நம் தலைக்கு ஏற்ப அமுங்கி இளகும். இதனால், வாங்கும்போதே தாராளமாக இருப்பது பிறகு தொளதொளவென்று ஆகிவிடும்.

போலி முத்திரை ஜாக்கிரதை

2021-ம் ஆண்டு ஜூன் 1 முதல், ஐ.எஸ்.ஐ. முத்திரை இல்லாத இருசக்கர வாகன ஹெல்மெட்டைத் தயாரிப்பதும் விற்பதும் சட்டவிரோதம். முத்திரைக்கு மேலே ஐ.எஸ். 4151 என்ற எண்ணும், கீழே சி.எம்./எல். என்று தொடங்கும் உரிம எண்ணும் இருக்க வேண்டும். அந்த உரிம எண்ணை 'பி.ஐ.எஸ். கேர்' என்ற செல்போன் செயலியில் போட்டால், யார் தயாரிப்பு, உரிமம் நடப்பில் இருக்கிறதா என்று தெரிந்துவிடும். விதைப் பையில் சான்று அட்டை பார்த்து வாங்குவது மாதிரிதான் இதுவும். புது வண்டி வாங்கும்போது ஹெல்மெட் தர வேண்டும் என்பது மத்திய மோட்டார் வாகன விதியிலேயே இருக்கிறது. கேட்டு வாங்குங்கள். அதையும் அளவு பார்த்தே வாங்குங்கள்.

ஹெல்மெட் இல்லாமல் பிடிபட்டால், தமிழ்நாட்டில் இப்போது அபராதம் 1,000 ரூபாய். பின்னால் உட்காருபவருக்கும் இது பொருந்தும். அந்தப் பணத்துக்கே ஐ.எஸ்.ஐ. முத்திரையுள்ள சாதாரண ஹெல்மெட் ஒன்று வந்துவிடும்.

புழுக்கத்துக்கும் கழுத்து வலிக்கும் வழி

கத்திரி வெயிலில் 40 டிகிரியைத் தாண்டும் வேலூர்க்காரர்களுக்குப் புழுக்கம் பெரிய விஷயம்தான். கறுப்பைத் தவிர்த்து, வெள்ளை அல்லது வெளிர் நிறத்தை எடுங்கள். இரவில் மற்றவர் கண்ணுக்கும் அது நன்றாகத் தெரியும். முன்னே காற்று நுழைய, பின்னே வெளியேறத் துளைகள் இருக்கின்றனவா என்று பாருங்கள். உள்பஞ்சைக் கழற்றித் துவைக்கிற மாடலாக இருந்தால் வியர்வை நாற்றமும் அரிப்பும் இருக்காது. வாரம் ஒருமுறை சீயக்காய்த் தண்ணீரிலோ, ஷாம்பிலோ அலசி நிழலில் காயவையுங்கள். தலையில் மெல்லிய பருத்தித் துணி கட்டிக்கொள்ளலாம். தடிமனான துண்டைச் சுருட்டிக் கட்டி, அதன்மேல் ஹெல்மெட் வைத்தால் உட்காரவே உட்காராது.

கழுத்து வலிக்காரர்கள் எடையைப் பாருங்கள். ஒரே அளவில் இரண்டு, மூன்று மாடல்களைக் கையில் தூக்கினாலே வித்தியாசம் தெரியும். முகம் முழுக்க மூடும் ஹெல்மெட்தான் தாடையையும் சேர்த்துக் காக்கும். அது மூச்சுமுட்டுகிறது என்பவர்கள், முன்பக்கத்தை மேலே தூக்கும் வகையை வாங்கலாம். ஆனால், ஓட்டும்போது மூடியே இருக்க வேண்டும். பின்னால் வரும் வண்டி தெரியவில்லை என்கிறவர்கள் முதலில் வண்டியின் இரண்டு பக்கக் கண்ணாடியையும் சரிசெய்யுங்கள். பல வண்டிகளில் அது ஹெல்மெட் மாட்டும் ஆணியாகத்தான் இருக்கிறது. அப்படி மாட்டுவதால் கண்ணாடியின் முனை உள்ளே குத்தி தெர்மாகோலும் பள்ளமாகும்.

பூச்சிமருந்து பக்கத்தில் வைக்காதீங்க

இது விவசாயிகள் மட்டும் கவனிக்க வேண்டிய விஷயம். தெர்மாகோல் துண்டில் பெட்ரோல் ஊற்றினால் கரைந்துபோவதைப் பார்த்திருப்பீர்கள். பூச்சிமருந்து டப்பாவில் இ.சி. என்று போட்டிருந்தால், அதிலும் கரைப்பான் கலந்திருக்கிறது. மருந்து பாட்டிலை ஹெல்மெட்டுக்குள் போட்டு எடுத்து வருவது, மருந்து அடித்த கையால் ஹெல்மெட்டைப் பிடிப்பது இரண்டுமே தெர்மாகோலுக்கும் ஆபத்து, உங்கள் தோலுக்கும் ஆபத்து. உள்பஞ்சில் இறங்கிய மருந்து, வியர்வையோடு தலைக்கும் முகத்துக்கும் வந்து சேரும். தெளிக்கும்போது முகத்துக்குத் தனிக் கவசம் போடுங்கள். ஹெல்மெட்டை அதற்குப் பயன்படுத்தாதீர்கள். சோப்பு போட்டுக் கை, முகம் கழுவிய பிறகே ஹெல்மெட்டைத் தொடுங்கள்.

மோட்டார் கொட்டகையில் வைத்த ஹெல்மெட்டை, போடுவதற்கு முன்பு கவிழ்த்து இரண்டு தட்டு தட்டுங்கள். தேள், பூரான், குளவிக்கு அது நல்ல வீடு.

ஆம்பூர் ஷூ நம் காலுக்கும் வேண்டும்

ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு, ராணிப்பேட்டை என்று நம்மைச் சுற்றிப் பதனிடும் தோல், ஷூவாகவும் கையுறையாகவும் உலகமெல்லாம் போகிறது. நாமோ ரப்பர் செருப்போடு வண்டி ஓட்டுகிறோம். விழுந்து தேய்க்கும்போது பருத்தித் துணி நொடியில் கிழியும், தோல் தாங்கும். கணுக்கால்வரை மூடும் ஒரு தோல் ஷூ, கிக்கர் அடித்தாலும், சைலன்சர் பட்டாலும் காலைக் காக்கும். ஆம்பூர்க் கடைகளில் விசாரித்தால் நம் கைக்கு எட்டிய விலையிலும் கிடைக்கும். நனைந்தால் நிழலில் உலர்த்துங்கள். வெயிலிலோ அடுப்பருகிலோ வைத்தால் தோல் வெடித்துவிடும். இந்த ஷூவைப் போட்டுக்கொண்டு மருந்து அடிக்கவும் கூடாது. தோல், மருந்தை உறிஞ்சி வைத்துக்கொள்ளும். அதற்கு ரப்பர் பூட்ஸ்தான் சரி.

முழுக்கைச் சட்டை வெயிலுக்கும் நல்லது. வேட்டி, லுங்கி கட்டுகிறவர்கள் சக்கரத்தில் சிக்காதபடி மடித்துக் கட்டுங்கள். மழைக்கோட்டு, காற்றில் பறக்காமல் உடம்போடு நிற்க வேண்டும். பளிச்சென்ற நிறமாக இருக்க வேண்டும். விடியற்காலையில் பால் கொண்டு போகிறவர்கள் ஹெல்மெட்டின் பின்புறமும், கேனிலும் ரிஃப்ளெக்டர் ஸ்டிக்கர் ஒட்டுங்கள்.

வாசகர் கேள்விகள்

'வீட்டுக்காரம்மா கொண்டை போடுவாங்க, பூ வைப்பாங்க. ஹெல்மெட் உட்காரலையே?'

உச்சியில் போடும் கொண்டையும் பெரிய கிளிப்பும் இருந்தால் ஹெல்மெட் இறங்காது. பின்னலாகவோ, கழுத்தோடு ஒட்டிய தாழ்ந்த கொண்டையாகவோ போட்டு அளவெடுங்கள். பூவைப் போய் இறங்கிய பிறகு வைத்துக்கொள்ளலாம். உங்கள் பழைய ஹெல்மெட்டை அவருக்குத் தள்ளிவிடாதீர்கள். அவர் தலை அளவு வேறு.

'மூக்குக் கண்ணாடி போடுகிறேன். சாயங்காலம் பூச்சி வந்து கண்ணில் அடிக்கிறது. கறுப்பு வைசர் போடலாமா?'

இரவில் கறுப்பு வைசர் கூடவே கூடாது. பள்ளமும் ஆளும் தெரியாது. நிறமில்லாத வைசர் போடுங்கள். புழுதி படிந்தால் உலர்ந்த துணியால் துடைக்காமல், தண்ணீர் விட்டுக் கழுவுங்கள். கண்ணாடிக் காது நுழைய இடம் இருக்கிறதா என்று கடையிலேயே போட்டுப் பாருங்கள்.

'ஹெல்மெட் எத்தனை வருஷம் வரும்?'

அடிபடாமல் இருந்தாலும், தினமும் வெயிலில் போடுவதை சுமார் ஐந்து வருடத்தில் மாற்றுவது நல்லது. தயாரித்த மாதம், வருடம் உள்ளே அச்சிட்டிருக்கும். வார் நைந்தாலோ, பூட்டு தானாகத் திறந்தாலோ உடனே மாற்றுங்கள்.

'பேரனை முன்னால் நிற்கவைத்துப் பள்ளிக்குக் கூட்டிப்போகிறேன். அவனுக்கும் வேண்டுமா?'

கட்டாயம் வேண்டும். நான்கு வயதுக்கு மேல் எல்லோருக்கும் சட்டப்படி ஹெல்மெட் தேவை. ஒன்பது மாதம் முதல் நான்கு வயதுவரையுள்ள குழந்தைக்கும் ஹெல்மெட் போட வேண்டும். நான்கு வயதுக்கு உட்பட்ட குழந்தையை ஓட்டுபவரோடு சேர்த்துக் கட்டும் பாதுகாப்புப் பட்டையும் வேண்டும். வேகம் 40 கிலோமீட்டரைத் தாண்டக் கூடாது. 2023 பிப்ரவரி 15 முதல் இந்த விதி நடப்பில் இருக்கிறது. நிற்கவைத்துக் கூட்டிப்போவதை இன்றோடு விட்டுவிடுங்கள். திடீர் பிரேக் போட்டால் அவன் தலைதான் ஹேண்டில்பாரில் முதலில் மோதும். உங்களுக்கு ஹெல்மெட் வாங்கப் போகும்போது அவனையும் கூட்டிப்போய், அவன் தலைக்கும் டேப் பிடித்து அளவெடுத்து ஒன்று வாங்குங்கள்.