உவமையே பெயரான புலவர்கள்: சங்கக் கவிதை வாசிப்பில் புலவர் வரலாற்றின் இடம்

முனைவர் பட்ட ஆய்வாளர், வேளச்சேரி, சென்னை

ஆய்வுச் சுருக்கம்

கவிதையைப் பொருள்கொள்வதற்கு அதனை இயற்றியவரின் வாழ்க்கையை அறிதல் எவ்வளவு தேவை என்னும் வினா, சங்க இலக்கிய ஆய்வில் தனித்ததொரு வடிவம் பெறுகின்றது. பாட்டில் இடம்பெற்ற தொடரையே பெயராகக் கொண்ட புலவர்களையும், வாழ்க்கைச் செய்தியோடு இணைத்து வாசிக்கப்படும் ஆதிமந்தியார், வெள்ளிவீதியார் ஆகியோரையும் அருகருகே வைத்து இக்கட்டுரை ஆராய்கின்றது. புலவர் பற்றிய சான்றுகளை அவை தோன்றிய நிலைகளுக்கேற்பப் பிரித்தறிதல் வேண்டும் என்பதை இக்கட்டுரை விளக்குகின்றது.

திறவுச்சொற்கள்: குறுந்தொகை, தொடராற் பெயர்பெற்ற புலவர்கள், ஆதிமந்தியார், வெள்ளிவீதியார், நச்சினார்க்கினியர், அகத்திணை மரபு.

முன்னுரை

பாரதியின் கவிதையை வாசிப்பவருக்கு அவர் வாழ்ந்த திருவல்லிக்கேணித் தெருவும், அவர் நடத்திய இதழ்களும், எழுதிய கடிதங்களும் கிடைக்கின்றன. ஒரு பாடல் எந்த ஆண்டில், எந்தச் சூழலில் வெளிவந்தது என்பதைப் பெரும்பாலும் கூறிவிட இயலும். சங்கப் புலவரை வாசிப்பவருக்கு இவ்வசதி இல்லை. பாட்டும், அதன் இறுதியில் உள்ள திணை, கூற்றுக் குறிப்பும், ஒரு பெயருமே எஞ்சியுள்ளன. சில பாட்டுகளில் அப்பெயரும் இல்லை.

குறுந்தொகையில் கடவுள் வாழ்த்து நீங்கலாக 401 பாட்டுகள் உள்ளன. இந்நூல் 1915ஆம் ஆண்டு சௌரிப்பெருமாள் அரங்கனாரால் உரையுடன் பதிப்பிக்கப்பெற்றது. பின்னர் 1937இல் உ.வே.சாமிநாதையர் விரிவான ஆராய்ச்சிக் குறிப்புகளுடனும் தம் உரையுடனும் வெளியிட்டார். அப்பதிப்பில் இடம்பெற்ற பாடினோர் வரலாறு, சங்கப் புலவர் குறித்த பிற்கால எழுத்துகளுக்கு அடித்தளமாயிற்று. அவ்வரலாற்றை நாம் எவ்வாறு பயன்படுத்துகின்றோம் என்பதே இங்கு ஆராயத்தக்கது.

தொடரே பெயராதல்

செம்புலப்பெயல்நீரார் (40), அணிலாடு முன்றிலார் (41), மீனெறி தூண்டிலார் (54), ஓரேருழவனார் (131), கல்பொரு சிறுநுரையார் (290), குப்பைக்கோழியார் (305) ஆகியோர் குறுந்தொகைப் புலவர்கள். இப்பெயர்கள் பெற்றோர் இட்டவை அல்ல. இவர்தம் இயற்பெயர் அறியப்படாமையின், பாட்டில் அமைந்த சிறப்புமிக்க தொடரைக் கொண்டு இவர்கள் சுட்டப்பெற்றனர் என்பது பொதுவாக ஏற்கப்பட்ட விளக்கம். புறநானூற்றில் தொடித்தலை விழுத்தண்டினாரும் (243), நற்றிணையில் தேய்புரிப் பழங்கயிற்றினாரும் (284) இவ்வகையினரே.

இப்பெயரிடல் தனித்து நிற்கும் நிகழ்வன்று. பதிற்றுப்பத்தின் ஒவ்வொரு பாட்டும் அதனுள் அமைந்த ஒரு தொடராலேயே பெயர் பெற்றுள்ளது. பத்துப்பாட்டில் மலைபடுகடாம் என்னும் பெயரும் அந்நூலிலிருந்தே எடுக்கப்பட்டது. பாட்டுக்குப் பெயர் தேடியோரும் புலவருக்குப் பெயர் தேடியோரும் ஒரே முறையைக் கையாண்டுள்ளனர். பாட்டின் உயிர்நிலை எனத் தாம் கருதிய தொடரை அவர்கள் பிரித்தெடுத்தனர்.

மேற்குறித்த குறுந்தொகைப் பெயர்கள் ஆறும் உவமையிலிருந்து பிறந்தவை. யானை வளைத்து விட்ட மூங்கில் மேலெழுவதற்கு மீன் பிடிக்கும் தூண்டிலும், ஈரம் உலர்வதற்குள் உழவேண்டிய ஒற்றை ஏர் உழவனின் பதற்றம் தலைவனின் விரைவுக்கும், விலக்குவாரின்றிக் குப்பைமேட்டில் பொரும் கோழிகள் தலைவியின் துயருக்கும் உவமையாயின. உவமை அல்லாத தொடராற் பெயர்பெற்றோரும் உளர். நெடுவெண்ணிலவினார் (47) நிலவை விளித்ததனால் அப்பெயர் பெற்றார்.

க. கைலாசபதி 1968இல் வெளியிட்ட ஆங்கில ஆய்வில், சங்கப் பாடல்கள் வாய்மொழி மரபில் தோன்றியவை என்றும் பொதுவான வாய்பாட்டுத் தொடர்களால் அமைந்தவை என்றும் வாதிட்டார். அக்கருத்தை முழுதும் ஏற்காதவரும், பல புலவர்கள் ஒரே அடைகளையும் காட்சிகளையும் பகிர்ந்துகொண்டனர் என்பதை மறுப்பதில்லை. இத்தகைய பொதுச்சொத்தின் நடுவே, இது இவருக்கே உரியது என ஒரு தொடரை அடையாளம் கண்டமை ஒரு மதிப்பீட்டுச் செயலாகும். ஆகவே தொடர்ப்பெயர்களைப் புலவர் வரலாற்றின் குறைபாடாக மட்டும் காண்பது பொருந்தாது. தமிழில் நமக்குக் கிடைக்கும் மிகப் பழைய கவிதைத் திறனாய்வுக் குறிப்புகளுள் அவையும் அடங்கும் எனலாம்.

இப்பெயர்கள் நமக்குக் கூறாதவையும் கருதத்தக்கவை. ஊர், குடி, காலம், தொழில் ஆகிய எதுவும் அவற்றால் புலப்படுவதில்லை. ‘ஆர்’ விகுதி உயர்வு குறித்து நின்று ஆண், பெண் வேறுபாட்டை மறைத்துவிடுகின்றது. சங்கப் பெண்பாற் புலவர்களின் எண்ணிக்கை அறிஞர்க்கு அறிஞர் வேறுபடுவதற்கு இதுவும் ஒரு காரணம். பெயர் காட்டாத இடத்தில் புலவரை ஆண் என்றே கொள்ளும் வழக்கம் வாசிப்பில் ஊறியுள்ளது. ஆயின் அதற்குப் பாட்டில் சான்று இல்லை. செம்புலப்பெயல்நீரார் பாட்டின் கூற்று தலைவனுடையது என்பதால் பாடியவரும் ஆடவரே எனத் துணிதல் இயலாது. கபிலர் தலைவி கூற்றாகப் பாடியவை பல என்பதை நாம் அறிவோம்.

புலவரே உவமையாதல்

இதற்கு நேர்மாறான நிலையை ஆதிமந்தியாரிடம் காண்கின்றோம். அவர் பெயரால் கிடைப்பது ஒரே பாட்டு (குறுந்தொகை 31). விழாக்களிலும் துணங்கை ஆடுமிடங்களிலும் தலைவனைத் தேடிய ஆடுகளமகள் ஒருத்தியின் கூற்றாக அது அமைந்துள்ளது. காவிரி கவர்ந்து சென்ற ஆட்டனத்தியைத் தேடி அலைந்த ஆதிமந்தியைப் பரணர் தம் அகநானூற்றுப் பாட்டுகளில் குறிப்பிடுகின்றார். சிலப்பதிகாரமும் அவரைக் கரிகாலன் மகளாகக் கூறுகின்றது. இச்செய்திகளை இணைத்து, குறுந்தொகைப் பாட்டு அவர்தம் சொந்தத் துயரமே என வாசிக்கும் மரபு உருவாயிற்று.

வெள்ளிவீதியார் தம் அகநானூற்றுப் பாட்டில் (45) ஆதிமந்தியை உவமையாக எடுத்தாள்கின்றார். ஔவையார் தம் பாட்டில் (அகம் 147) வெள்ளிவீதியை உவமையாக்குகின்றார். மூன்று பெண்பாற் புலவர்கள் ஒரு சங்கிலியாக நிற்கின்றனர். முன்னவர் ஒவ்வொருவரும் பின்னவரின் பாட்டுக்குள் உவமையாக நுழைகின்றனர். குப்பைக்கோழியாரிடம் உவமை புலவரின் பெயராயிற்று. இங்கோ புலவரின் பெயர் உவமையாயிற்று.

ஔவையார் வெள்ளிவீதியின் வாழ்க்கையை நேரில் அறிந்து பாடினாரா, அவர் பாட்டில் ஒலித்த குரலைக் கேட்டுப் பாடினாரா என்பதைத் துணிய இயலாது. எனினும் ஒன்று உறுதி. அக்காலத்திலேயே ஒரு புலவர் மற்றொரு புலவரைத் துயரின் அளவுகோலாக வாசித்துள்ளார்.

அகமும் பெயரும்

தொல்காப்பிய அகத்திணையியல், அன்பின் ஐந்திணையில் மக்களைப் பெயர் சுட்டிக் கூறலாகாது என விதிக்கின்றது. இவ்விதியின் விளைவை நெடுநல்வாடையில் காணலாம். பாண்டியனுக்குரிய வேம்பு குறிக்கப்பட்டமையால் அது அகமாகாது என நச்சினார்க்கினியர் கருதினார். ஒரு பூவே பெயருக்கு ஈடாகிவிட்டது.

ஆதிமந்தியார், வெள்ளிவீதியார் பாட்டுகளைக் குறிக்கும்போது அவ்வுரையாசிரியர் வேறொன்றைக் கூறுகின்றார். தம் பெயரைக் கூறினால் பாட்டு புறமாகிவிடும் என அஞ்சியே அவர்கள் பெயர் கூறாது பாடினர் என்பது அவர்தம் விளக்கம். அவ்வாழ்க்கை பாட்டின் பின்னுள்ளது என்பதை அவர் ஏற்கின்றார். ஆயினும் பாட்டு அதனை வெளிப்படக் கூறாமையே அதனை அகமாக்குகின்றது என்கின்றார். ஒருத்தியின் துயரம் எவர்க்கும் உரியதாக மாறுவதற்கு அவள் பெயர் விலகி நிற்றல் வேண்டும் என்பது இதன் உட்பொருள்.

சான்றுகளின் நான்கு நிலைகள்

மேற்கண்டவற்றைக் கொண்டு, புலவர் பற்றிய செய்திகளை நான்கு நிலைகளாகப் பிரிக்கலாம். முதலாவது, பாட்டினுள் அமைந்த சான்று. இரண்டாவது, பிற சங்கப் பாட்டுகள் தரும் சான்று. மூன்றாவது, பெயர், கூற்றுக் குறிப்பு, பதிகம், உரை ஆகிய பிற்கால அடுக்கு. நான்காவது, தற்காலத்தார் இவற்றை இணைத்து எழுதிய வாழ்க்கை வரலாறு.

காக்கைபாடினியார் நச்செள்ளையாரை எடுத்துக்கொள்வோம். காக்கையைப் பாடிய செய்யுள் முதல் நிலை (குறுந்தொகை 210). அவர்தம் பெயரும், பதிற்றுப்பத்தின் ஆறாம் பத்துக்கு ஆடுகோட்பாட்டுச் சேரலாதனிடம் பரிசில் பெற்றார் என்னும் பதிகச் செய்தியும் மூன்றாம் நிலை. இவற்றைக் கலந்து அவர்தம் இயல்பையும் இல்வாழ்வையும் புனைதல் நான்காம் நிலை. நான்காம் நிலைக் கூற்றை முதல் நிலைச் சான்றாகக் காட்டும்போது ஆய்வு வட்டமாகிவிடுகின்றது. பாட்டிலிருந்து வாழ்க்கையை வரைந்து, அவ்வாழ்க்கையைக் கொண்டே பாட்டை விளக்குதல் சான்றாகாது.

முடிவுரை

புலவர் வரலாற்றை முற்றும் விலக்குதல் இக்கட்டுரையின் நோக்கமன்று. ஔவையாரின் உவமையை வெள்ளிவீதியை அறியாது விளங்கிக்கொள்ள இயலாது. ஆனால் வரலாறு கிடைக்காமை கவிதைக்கு இழப்பு எனக் கொள்ளவும் வேண்டியதில்லை. ஏ.கே.இராமானுசன் 1967இல் வெளியிட்ட குறுந்தொகை ஆங்கிலமாக்கத்தின் வழி உலக வாசகரை அடைந்த பாட்டுகளுள் செம்புலப்பெயல்நீரார் பாட்டும் ஒன்று. அதனை இயற்றியவரின் பெயர், ஊர், பாலினம் ஆகிய எதுவும் இன்றியே அது வாசிக்கப்படுகின்றது. அவர் குறித்து நமக்குக் கிடைத்துள்ள ஒரே செய்தி, பழந்தமிழ் வாசகர் ஒருவர் அவர் பாட்டில் எந்தத் தொடரில் தயங்கி நின்றார் என்பதே. சங்கப் புலவர் வரலாறு எழுதுவோர் அவ்வாசகரின் வரலாற்றையும் சேர்த்து எழுதத் தொடங்குதல் நலம்.