கேமரா பிறகு, லைன் முதலில்!

மஸ்ஜித் தானாவிலிருந்து ஐந்தாம் எண் கூட்டரசு சாலையில் வடக்கே போனால் லுபோக் சீனா, லிங்கி, போர்ட்டிக்சன். தெற்கே இறங்கினால் சுங்கை ஊடாங், தங்கா பத்து, மலாக்கா நகர். வழியெங்கும் சிறு பட்டணங்களும் செம்பனைத் தோட்டங்களும் மாறி மாறி வரும். லோரி ஓட்டுநர், காப்புறுதி முகவர், தோட்டங்களுக்கு உரம் கொண்டுபோகும் வியாபாரி என இந்தச் சாலையையே நம்பிப் பிழைப்பவர்களுக்கு, லைன் போனால் அன்றைய ஆர்டரும் போகும். ஆனாலும் கைப்பேசிக் கடையில் நாம் முதலில் விசாரிப்பது கேமராவைத்தான்.

விலை கூடிய செட்டில் லைன் தானாகவே நன்றாக இருக்கும் என்று நினைப்பவர்கள் 2010-ஐ நினைத்துப் பார்க்கலாம். அவ்வாண்டு ஜூனில் வந்த ஐபோன் 4-இன் கீழ் இடது பக்கத்தைக் கையால் மூடிப் பிடித்தால் சிக்னல் சரிந்தது. திரையில் கோடுகளைக் காட்டும் கணக்கே தவறு, சில வேளைகளில் இரண்டு கோடுகள் கூடுதலாகக் காட்டிவிட்டோம் என்று அடுத்த மாதம் ஆப்பிள் ஒப்புக்கொண்டது. பிறகு இலவசமாக உறையும் கொடுத்தது. விலையையும் கோடுகளையும் மட்டும் நம்பிச் செட் வாங்கக் கூடாது.

பேண்ட் பார்த்து வாங்குங்கள்

பேண்ட் என்பது அலைவரிசை. தாழ்ந்த அலைவரிசை தூரம் போகும். சுவரையும் மரத்தையும் ஓரளவு ஊடுருவும். உயர்ந்த அலைவரிசை வேகமான இணையம் தரும். ஆனால் மழையில் நனைந்த செம்பனை மட்டைகளுக்கு நடுவே சீக்கிரம் சோர்ந்துவிடும். தோட்டப்புறம் போகிறவர் 4ஜி-யில் 900 மெகாஹெர்ட்ஸ், அதாவது பேண்ட் 8 இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். பட்டணத்துக்கு 1, 3, 7 ஆகிய பேண்டுகள் தேவை. 5ஜி-க்கு என்28, என்78. இதில் என்28 என்பது 700 மெகாஹெர்ட்ஸ். பழைய அனலாக் தொலைக்காட்சி ஒளிபரப்பை 2019-இல் நிறுத்தியதால் கிடைத்த இடம் அது.

அடுத்தது வோல்ட்டி. மலேசியாவில் 3ஜி சேவை 2021 இறுதியோடு மூடப்பட்டது. 4ஜி வழியாகவே குரலைக் கொண்டுபோகும் வோல்ட்டி வசதி இல்லாத செட்டில் அழைப்பு வந்தால் அது 2ஜி-க்கு இறங்கிவிடும். பேசி முடிக்கும்வரை பெரும்பாலும் இணையம் நின்றுபோகும். வேஸ் வழிகாட்டியும் தடுமாறும். மலிவாகக் கிடைக்கும் இறக்குமதி செட்டுகளில் சில இங்கேதான் காலை வாரும். வேறொரு நாட்டுக்காகச் செய்த செட்டில் நம் நாட்டு பேண்டோ, நம் நிறுவனத்தின் வோல்ட்டியோ இல்லாமல் போகலாம். அமெரிக்காவில் விற்கும் ஐபோன் 14 முதலான மாடல்களில் சிம் அட்டை போடவே இடமில்லை, இ-சிம் மட்டுந்தான். சிரிம் சான்று பெற்ற மலேசிய செட் என்றால் இந்தக் கவலை குறைவு.

இரண்டு சிம், இரண்டு கோபுரம்

ஒரு நிறுவனத்தின் லைன் போகும் வளைவில் இன்னொன்றின் லைன் இருக்கக்கூடும். அதனால் பயணிக்கு இரட்டைச் சிம் ஆடம்பரமல்ல. ஆனால் செல்கோம் ஒன்று, டிஜி ஒன்று என வைத்திருப்பவர்கள் யோசிக்க வேண்டும். 2022 நவம்பர் 30-இல் இரண்டும் ஒரே நிறுவனமாகிவிட்டன. சிறு நிறுவனங்கள் பலவும் பெரிய நிறுவனங்களின் வலையமைப்பையே வாடகைக்கு எடுக்கின்றன. இரண்டாம் சிம் உண்மையிலேயே வேறு வலையமைப்பில் ஓடுகிறதா என்று கேட்டு வாங்குங்கள்.

ஆண்ட்ராய்டு செட்டில் செட்டிங்ஸுக்குள் சிம் விவரப் பகுதியில் சிக்னல் அளவு எண்ணாகத் தெரியும். 4ஜி-யில் மைனஸ் 90 அளவில் இருந்தால் நன்று. மைனஸ் 110-ஐத் தாண்டிக் கீழே போனால் அழைப்பு அறுபட வாய்ப்புண்டு. நீங்கள் வழக்கமாக நிற்கும் இடங்களில் அந்த எண்ணைப் பாருங்கள். காரின் உலோகம் கலந்த டிண்டட் தாளும், கைப்பேசியின் உலோக உறையும் சிக்னலைக் குறைக்கும். லைன் பலவீனமான இடத்தில் கோபுரத்தை எட்டச் செட் கூடுதல் மின்சாரம் செலவழிப்பதால், 5,000 எம்ஏஎச் பேட்டரி இருப்பது நல்லது. வீட்டில் வைஃபை இருந்தால், வைஃபை வழி அழைப்பு வசதி தகரக் கூரைக்குக் கீழும் கைகொடுக்கும்.

கோபுரமே இல்லாத இடத்தில் எந்தச் செட்டாலும் ஒன்றும் செய்ய முடியாது. அங்கே தேதி, நேரம், இடம் குறித்து முதலில் சேவை நிறுவனத்திடம் புகார் கொடுங்கள். தீராவிட்டால் மலேசியத் தொடர்பு, பல்லூடக ஆணையத்திடம் கொண்டுபோங்கள். மற்ற இடங்களுக்கு, மேலே சொன்ன வசதிகள் கொண்ட நடுத்தர விலைச் செட்டே போதும். கடையில் பேண்ட் பட்டியலைக் காட்டச் சொல்லுங்கள். காட்டத் தயங்கினால் அடுத்த கடைக்கு நடையைக் கட்டுங்கள்.