யாலவில் ஒரு பகல்: ஜீப் ஏறுமுன் தெரிந்துகொள்ள வேண்டியவை

"சிறுத்தையைக் கட்டாயம் காட்டுவேன்" என்று வாக்குக் கொடுக்கிற ஜீப் சாரதியை மட்டும் அமர்த்தாதீர்கள். காட்டில் அப்படி ஒரு வாக்கை யாராலும் கொடுக்க முடியாது. கொடுத்துவிட்டவர் அதைக் காப்பாற்ற நாள் முழுக்க உங்களைப் புழுதியில் இழுத்தடிப்பார். வழியில் நின்ற யானையும் கரையேறிக் கிடந்த முதலையும் கண்ணில் படாமலே போய்விடும்.

யால தேசிய பூங்கா இலங்கையின் தென்கிழக்குக் கரையோரம் ஏறத்தாழ 979 சதுர கிலோமீற்றர் பரந்து கிடக்கிறது. ஐந்து வலயங்களாகப் பிரித்திருக்கிறார்கள். பயணிகளில் பெரும்பாலானோர் முட்டிமோதுவது முதலாம் வலயத்தில்தான். அதன் பரப்பு மொத்தத்தில் ஏழில் ஒரு பங்கு அளவே. யால 1900இல் ஒதுக்குக் காடாக அறிவிக்கப்பட்டு, 1938இல் தேசிய பூங்காவானது. இதன் முதல் காவலர் எங்கெல்பிரெக்ட் ஒரு தென்னாபிரிக்கர். போயர் போரில் பிடிபட்டு இலங்கைக்குக் கொண்டுவரப்பட்ட கைதி. பிரித்தானிய முடிக்கு விசுவாசப் பிரமாணம் செய்ய மறுத்ததால் ஊர் திரும்ப முடியாமல் போய், கடைசியில் அதே முடியின் காட்டுக்குக் காவலரானார்.

கொழும்பிலிருந்து ஒரே நாளில் போய்வரலாம் என்று சிலர் சொல்வார்கள். முடியும்தான், ஆனால் பாதி நாள் வீதியிலேயே போய்விடும். முதல்நாள் மாலையே திஸ்ஸமகாராமவுக்கோ கிரிந்தவுக்கோ வந்து தங்கிவிடுவது நல்லது. பலட்டுபான வாசல் காலை ஆறு மணிக்குத் திறக்கும். அதற்கு முன்பே அங்கே ஜீப்புகள் வரிசை கட்டி நிற்கும் என்பதால், திஸ்ஸவிலிருந்து ஐந்து மணிக்கெல்லாம் கிளம்ப வேண்டியிருக்கும். கட்டகமுவ பக்கம் இன்னொரு வாசல் உண்டு. ஜீப் வாடகை வேறு, நுழைவுக் கட்டணம் வேறு. இலங்கையருக்கான கட்டணத்தைவிட வெளிநாட்டவருக்குப் பல மடங்கு அதிகம். பேசிய தொகையில் எது அடக்கம், எது இல்லை என்பதை முதல்நாளே கேட்டுக்கொள்ளுங்கள்.

அரைநாளா முழுநாளா என்பது அடுத்த கேள்வி. அரைநாள் என்றால் விடியலிலிருந்து பத்து மணிவரை, அல்லது பிற்பகல் இரண்டிலிருந்து ஆறுவரை. என்னைக் கேட்டால் முழுநாள்தான். விலங்குகள் நடமாடுவது காலையிலும் மாலையிலும் என்பது உண்மையே. ஆனால் பத்து மணிக்கு மேல் கூட்டம் கலைந்துவிடும். அந்த வெயிலில் ஏதாவது ஒரு குளக்கரை நிழலில் இயந்திரத்தை நிறுத்திவிட்டு அரை மணி நேரம் சும்மா இருந்து பாருங்கள். எருமைகள் மூக்குத்துளை மட்டும் தெரிய நீரில் அமிழ்ந்து கிடக்கும். நாரைகள் முழங்கால் நீரில் அடியடியாக நடக்கும். மரக்கட்டை என்று நினைத்தது மெல்ல வாயைத் திறக்கும். முதலை தன் உடற்சூட்டைத் தணிக்கத்தான் அப்படி வாய்பிளந்து கிடக்கிறது. யாரையும் விழுங்குவதற்கு அல்ல.

இனிச் சிறுத்தை. இந்தியக் காடுகளில் சிறுத்தை புலிக்குப் பயந்து ஒதுங்கி வாழ்கிறது. ஆப்பிரிக்காவில் சிங்கத்துக்கும் கழுதைப்புலிக்கும் பயந்து இரையை மரத்தில் ஏற்றி வைக்கிறது. இலங்கையில் புலியும் இல்லை, சிங்கமும் இல்லை. காட்டுக்கு அதுவே ராசா. அதனால்தான் பட்டப்பகலில் நடுவீதியில் நடக்கவும், பாறைமேல் கால் நீட்டிப் படுக்கவும் அதற்குத் துணிச்சல் இருக்கிறது. உலகில் சிறுத்தைகள் அடர்ந்து வாழும் இடங்களில் ஒன்றாக முதலாம் வலயம் பேசப்படுகிறது. அப்படியிருந்தும் பலர் பார்க்காமலே திரும்புவதற்குக் காரணம், அதைக் கண்ணால் தேடுவதுதான். நல்ல வழிகாட்டி காதால் தேடுவார்.

மரத்தில் மந்திகள் தளிர் பறித்துத் தின்னும்போது பாதியைக் கீழே சிந்தும். அதைப் பொறுக்கப் புள்ளிமான்கள் மரத்தடியில் கூடும். மேலிருக்கும் மந்திக்குத் தூரப் பார்வை, கீழிருக்கும் மானுக்கு மோப்பம். இரண்டில் எது முதலில் ஆபத்தை உணர்ந்தாலும் மற்றதும் தப்பிக்கும். மான் வாலைத் தூக்கி, முன்னங்காலால் தரையை உதைத்து, கீச்சென்று ஒரு குரல் கொடுக்கும். மந்தி இருமுவதுபோல் கத்தும். ஒரே ஒரு மான் ஒரு தடவை கத்தினால் பெரிதாக எடுக்க வேண்டாம். மந்தியும் சேர்ந்து விடாமல் கத்தினால், எல்லாத் தலைகளும் ஒரே பக்கம் திரும்பியிருந்தால், அந்தப் பக்கம் பாருங்கள். வழிகாட்டி கையை உயர்த்தினால் ஜீப்பில் பேச்சு நிற்க வேண்டும். சுற்றுலாக் குழுக்களில் இதுதான் கடினம்.

சிறுத்தை தென்பட்ட சேதி சாரதிகளுக்குள் கைத்தொலைபேசியில் பறக்கும். பத்து நிமிடத்தில் அந்த ஒற்றை மண்பாதையில் இருபது முப்பது ஜீப்புகள் முன்னும் பின்னும் நகர முடியாமல் சிக்கிக்கொள்ளும். புகை, ஹோர்ன், கூச்சல். சிறுத்தை எழுந்து போய்விடும். அந்த நெரிசலுக்குள் போகாமல் ஒதுங்கச் சொல்வதில் நட்டம் ஒன்றுமில்லை. கலைந்து போன சிறுத்தை அடுத்த பாதையைக் கடப்பதும் உண்டு. பழகிய சாரதி அங்கே போய்க் காத்திருப்பார்.

கரடி பார்க்க ஆசை என்றால் ஜூன், ஜூலை மாதங்களில் போங்கள். பாலைப்பழம் பழுக்கும் காலம் அது. வன்னிப் பக்கம் வளர்ந்தவர்களுக்குப் பாலைப்பழத்தைச் சொல்லித் தரவேண்டியதில்லை. மஞ்சளாக, விரல்நுனி அளவில், தின்றால் உதட்டில் பால் பிசுபிசுவென்று ஒட்டும். கரடி மரமேறிக் கிளையோடு வளைத்துத் தின்னும். அந்த நேரம் அதற்கு ஜீப்பும் தெரியாது, ஆளும் தெரியாது. யானைக் கூட்டத்தில் தந்தத்தைத் தேடி ஏமாறாதீர்கள். இலங்கையில் ஆண் யானைகளிலும் நூற்றுக்குப் பத்துக்கும் குறைவானவற்றுக்கே தந்தம் உண்டு.

வாகனத்தை விட்டு இறங்க அனுமதி உள்ள இடங்கள் ஒன்றிரண்டுதான். பட்டனங்கல கடற்கரை அதில் ஒன்று. 2004 டிசம்பர் 26 அன்று கடல் உள்ளே புகுந்து, அங்கே நின்ற பயணிகளும் பணியாளர்களும் மாண்டார்கள். இடிந்த பங்களாவின் அடித்தளமும் ஒரு நினைவுச் சின்னமும் இருக்கின்றன. மணல்மேடுகள் குலையாமல் நின்ற பகுதிகளில் அலை அவ்வளவாக உட்புக முடியவில்லை.

மாணிக்க கங்கையின் கரையும் பார்க்க வேண்டிய இடம். மருத மர நிழலில் ஓடும் இந்த ஆறுதான் கதிர்காமத்தில் அடியார்கள் தீர்த்தமாடும் ஆறு. ஆடிவேல் விழாவையொட்டி, யாழ்ப்பாணத்திலிருந்தும் மட்டக்களப்பிலிருந்தும் நடந்து வரும் பாதயாத்திரையினர் உகந்தை முருகன் கோவிலில் கூடி, குமண, யாலக் காடுகளைக் கால்நடையாகக் கடந்து கதிர்காமம் சேர்கிறார்கள். அதற்காகச் சில நாட்களுக்கு மட்டும் காட்டுப்பாதை திறந்துவிடப்படும். ஜீப்பில் இருந்து இறங்காதே என்று நம்மை எச்சரிக்கும் அதே காட்டில், அவர்கள் அரோகரா சொல்லிக்கொண்டு வெறுங்காலோடு போகிறார்கள்.

செப்டெம்பர் மாதமும் ஒக்டோபர் முற்பகுதியும் கடும் வறட்சி. வழக்கமாக முதலாம் வலயத்தை மூடிவிடுவார்கள். நாள் குறிக்குமுன் விசாரித்துக்கொள்ளுங்கள். தண்ணீரும் சாப்பாடும் கொண்டுபோகலாம். பொலித்தீன் ஒன்றையும் உள்ளே விட்டுவிட்டு வராதீர்கள். விலங்குக்கு ஒரு பிஸ்கட்கூடப் போடாதீர்கள்.

ஒரு சொல் சாரதியிடம் காலையிலேயே சொல்லிவையுங்கள். மாலை ஆறு மணிக்குள் எல்லா வாகனங்களும் வாசலைத் தாண்டியாக வேண்டும். அதனால் ஐந்தரைக்குப் பிறகு கடைசி நேரத்தில் கிளம்பியவர்கள் கண்மண் தெரியாமல் பறப்பார்கள். வாகனத்தில் அடிபட்டு விலங்குகள் சாவது இப்படித்தான். ஐந்து மணிக்கே திரும்பிவிடலாம் என்று சொல்லுங்கள். மெதுவாக வாருங்கள், பார்ப்பதற்கு அந்த ஒரு மணி நேரமும் உங்களுக்கு மிச்சம்.